பிள்ளைப்பேற்றின் செலவுக் கணக்கு

"பிரசவத்திற்கு என்ன செலவாயிற்று?" என்னும் வினாவை ஒரு கிராமத்து வீட்டு வாசலில் நின்று கேட்டுப் பார்த்தவர்கள், அதற்கு ஒரே விடை கிடைப்பதில்லை என்பதை விரைவில் கண்டுகொள்வார்கள். கணவன் மருத்துவமனையில் கட்டிய தொகையைச் சொல்வான். மாமியார் நள்ளிரவில் பிடித்த ஜீப்பு வாடகையையும், சீட்டைக் காட்டி வெளிக்கடையில் வாங்கிய ஊசி மருந்தையும் நினைவூட்டுவாள். பிள்ளை பெற்றவளோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவள் காதிலிருந்த தோடு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் அவள் பங்குக் கணக்கு வெளிவரும். மூவர் சொல்வதும் உண்மையே. ஆயினும் மூன்றும் வெவ்வேறு தொகைகள்.

இவ்வினா புள்ளிவிவரத்திற்காக மட்டும் கேட்கப்படுவதன்று. வலி கண்ட பெண்ணை வீட்டிலிருந்து எப்போது கிளப்புவது என்பதைப் பல குடும்பங்களில் தீர்மானிப்பது, எவ்வளவு ஆகுமோ என்ற அச்சமேயாகும். தாய் மரணங்களின் காரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் ஆகிய இருவர் 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினர்: மருத்துவ உதவியை நாட முடிவு செய்வதில் நேரும் தாமதம், மருத்துவமனையை அடைவதில் நேரும் தாமதம், அடைந்தபின் தக்க சிகிச்சை தொடங்குவதில் நேரும் தாமதம். மூன்றுக்குப் பின்னும் பணம் நிற்கிறது. முதலாவதில் அது முன்னே வந்து நிற்கிறது. பேற்றுக்குப் பின் நேரும் பெரும் உதிரப்போக்கு, கவனிப்பாரின்றி விடப்பட்டால், இரண்டு மணி நேரத்தில்கூட உயிரைக் கொண்டுபோகக் கூடும். அதில் ஒரு மணி நேரம் யாரிடம் கடன் கேட்பது என்னும் ஆலோசனையில் கழிந்தால் எஞ்சுவது எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மகப்பேற்றைப் பற்றி எண்ணுவதிலும் ஆராய்வதிலும் புனே நகருக்குப் பழைய தொடர்பு உண்டு. ஆனந்திபாய் ஜோஷி தமது பதினான்காம் வயதில் பெற்ற மகன் பத்தே நாட்களில் இறந்தான். தக்க மருத்துவ உதவி கிட்டாத அத்துயரமே அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது. 1883-இல் கடல் கடந்து சென்ற அவர், பிலடெல்பியாவில் பயின்று 1886-இல் பட்டம் பெற்றார். பட்டத்திற்கென எழுதிய ஆய்வுரையின் பொருளும் மகப்பேறே. 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிரம்பும் முன்பே, புனேயில் காலமானார். 1909-இல் ராமாபாய் ரானடே முதலியோர் இந்நகரில் நிறுவிய சேவாசதனம் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றத் தொடங்கியது. கோகலே அரசியல் பொருளாதார நிலையத்தைச் சேர்ந்த வி. எம். தாண்டேகரும் குமுதினி தாண்டேகரும் புனே மாவட்டத்தில் பிறப்பு இறப்பு பற்றி நடத்திய ஆய்வின் முடிவுகள் 1953-இல் நூலாக வெளிவந்தன. இன்றைய கணக்கெடுப்புகளும் அவ்வாறே குடும்பங்களைக் கேட்டறிந்துதான் நடைபெறுகின்றன.

செலவின் வகைகள்

பிரசவச் செலவை ஆராய்வோர் அதை மூவகையாகப் பகுப்பர். மருத்துவருக்கும், மருந்துக்கும், பரிசோதனைக்கும், படுக்கைக்கும் கொடுப்பது ஒரு வகை. போக்குவரத்து, உடன் வந்தவர்களின் சாப்பாடு, தங்குமிடம் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்காக இழந்த கூலி மூன்றாம் வகை. மூன்றாவதைக் குடும்பத்தார் தாமாகச் சொல்வது அரிது. கையை விட்டுப் போன காசுதான் செலவு, கைக்கு வராமற்போன காசு செலவன்று என்பது பொதுவான எண்ணம். ஆனால் நெல் நடவுக் காலத்தில் ஐந்து நாள் மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் அவ்வைந்து நாள் கூலி, வாங்கிய மருந்தின் விலையைவிட அதிகமாக இருக்கலாம்.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். அரசோ காப்பீடோ ஈடு செய்யாமல் குடும்பம் தானே கொடுக்கும் தொகையைக் குறிக்க ஆங்கில அறிக்கைகளில் வழங்கும் தொடரைக் "கைச்செலவு" என்று தமிழாக்கிப் பார்த்தேன். ஆனால் நம் வழக்கில் கைச்செலவு என்பது சந்தைக்குப் போகும் பிள்ளையிடம் கொடுக்கும் சில்லறை. நகையை அடகு வைத்துப் பெற்ற பணத்தை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது. ஆகவே இக்கட்டுரையில் "சொந்தச் செலவு" என்றே எழுதியிருக்கிறேன்.

அகில இந்திய அளவில் இச்செலவு எவ்வளவு? 2017-18-இல் நடைபெற்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்று, கிராமப்புறத்தில் அரசு மருத்துவமனையில் நிகழும் பிரசவம் ஒன்றுக்குச் சராசரி 2,404 ரூபாயும், தனியார் மருத்துவமனையில் 20,788 ரூபாயும் மருத்துவச் செலவாகிறது என்று கண்டது. வேறுபாடு எட்டு மடங்குக்கும் மேல். 2019-21-ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, அரசு மருத்துவமனைப் பிரசவம் ஒன்றுக்கு நாட்டின் சராசரிச் சொந்தச் செலவு 2,916 ரூபாய் என்கிறது. முந்தைய கணக்கெடுப்பில் அது 3,197 ரூபாயாக இருந்தது. விலைவாசி ஏறிய காலத்தில் இத்தொகை இறங்கியிருப்பது நல்ல செய்தியே. ஆனால் விதிப்படி அரசு மருத்துவமனையில் இச்செலவு இருக்கவே கூடாது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

சராசரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம். பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்குத் தலைக்கு 500 ரூபாய் செலவாயிற்று. பத்தாமவளுக்கு அறுவைச் சிகிச்சை நேர்ந்து 40,000 ரூபாய் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 44,500 ரூபாய். சராசரி 4,450 ரூபாய். அந்த 4,450 ரூபாயைப் பத்துப் பேரில் எவருமே கொடுக்கவில்லை. கிராமத்துக் குடும்பத்தை அச்சுறுத்துவது சராசரி அன்று. தன் வீட்டுப் பெண் அந்தப் பத்தாமவளாகிவிடுவாளோ என்பதே. அவ்வச்சத்திற்கு ஆதாரமும் உண்டு. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவருக்கு ஏதேனும் கடும் சிக்கல் நேரக்கூடும் என்பது மருத்துவ உலகு பொதுவாக ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. அப்பதினைவர் யார் என்பதை முன்கூட்டி முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

மலையடிவாரத்திலிருந்து நகர் வரை

புனே மாவட்டத்தின் மேற்கெல்லையில் சஹ்யாத்திரி மலைத்தொடர் நிற்கிறது. ஜுன்னர், ஆம்பேகாவ் தாலுகாக்களின் மேற்குப் பகுதிகளில் மகாதேவ் கோலி முதலிய பழங்குடி மக்கள் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கின்றனர். மழைக்காலத்தில் அங்கே சாலை என்பது பல இடங்களில் பெயரளவிலேயே இருக்கும். அத்தகைய குடியிருப்பு ஒன்றிலிருந்து புறப்படும் பெண்ணின் பயணத்தைச் சற்றுப் பின்தொடர்வோம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே இயல்பான பிரசவம் பார்க்கலாம். சிசு குறுக்காக இருந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலை தோன்றினாலோ மேலே அனுப்ப வேண்டும். கோடேகாவ் கிராம மருத்துவமனை, அதற்கும் மேல் மஞ்சர் உப மாவட்ட மருத்துவமனை, அங்கும் இயலாவிடில் ஔந்தில் உள்ள மாவட்ட மருத்துவமனை அல்லது புனே நகரின் சசூன் மருத்துவமனை. அறுவைச் சிகிச்சைக்குக் கத்தி மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணர், பொருத்தமான இரத்தம், குழந்தை மருத்துவர் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் கிட்ட வேண்டும்.

இப்படிகளில் ஒவ்வொன்றிலும் செலவு ஏறுகிறது என்பதைக் கவனிக்க. அரசு வாகனம் கிடைத்தால் நோயாளியின் பயணம் இலவசம். பின்னால் இன்னொரு வண்டியில் வரும் உறவினரின் பயணம் இலவசமன்று. ஊரை விட்டு விலக விலக, கடன் கொடுக்கும் மனிதரும் தூரமாகிறார். இரண்டாம் படியிலோ மூன்றாம் படியிலோ மனம் தளர்ந்த குடும்பம், சாலையோரத்தில் விளக்கெரியும் தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்துவிடுவது இதனால்தான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் செலவு பன்மடங்காவதும் அவ்விடத்திலேயே. முற்கூறிய 75-ஆம் சுற்றின்படி, அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்குப் 17-உம், தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்கு 55-உம் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. மகாராஷ்டிரத்தில் எல்லாப் பிரசவங்களையும் சேர்த்துப் பார்த்தால் இவ்விகிதம் 2015-16-இல் 20.1 ஆக இருந்து 2019-21-இல் 25.4 ஆக ஏறியது. தமிழ்நாட்டில் அதே கணக்கெடுப்பில் 44.9. இவற்றுள் எத்தனை உயிர் காத்தவை, எத்தனை தேவையற்றவை என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். செலவுக் கணக்கில் அறுவைச் சிகிச்சை என்பது கூடுதல் நாள் படுக்கை, கூடுதல் நாள் கூலியிழப்பு, வயலுக்குத் திரும்பும் நாள் தள்ளிப்போதல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

உதவித் தொகைகளும் அவை வரும் வேளையும்

2005-இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம் மருத்துவமனையில் பிள்ளை பெறும் ஏழைத் தாய்க்குப் பணம் அளிக்கிறது. மருத்துவமனைப் பிரசவம் ஏற்கெனவே பரவியிருந்த மாநிலங்களின் வரிசையில் வைக்கப்பட்ட மகாராஷ்டிரத்தில், கிராமப்புறத் தாய்க்கு இத்திட்ட விதிகளின்படி உரியது 700 ரூபாய். 2011 ஜூன் மாதத்தில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம் வேறு வழியை மேற்கொண்டது. பணம் கொடுப்பதற்குப் பதிலாக, பணம் கேட்பதை அது விலக்கியது. அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம் ஆகிய யாவும் இலவசம். இயல்பான பேற்றுக்கு மூன்று நாளும் அறுவைப் பேற்றுக்கு ஏழு நாளும் உணவு இலவசம். வீட்டிலிருந்து வரவும், ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும், வீடு திரும்பவும் வாகனம் இலவசம். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் இவை பொருந்தும். மூன்றாவதாக, 2017 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் முதற்பேற்றுக்கு 5,000 ரூபாய் அளிக்கிறது. 2022 முதல் இது இரு தவணைகளாக்கப்பட்டதுடன், இரண்டாவது குழந்தை பெண்ணாயின் 6,000 ரூபாய் என்ற ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

தொகைகளைவிட அவை வந்து சேரும் வேளையே பெரிது என்பது என் கருத்து. மாத்ரு வந்தனா திட்டத்தின் இறுதித் தவணை, பிறப்பைப் பதிவு செய்து, குழந்தைக்கு முதற்சுற்றுத் தடுப்பூசிகள் போட்ட பின்னரே உரியதாகிறது. ஜீப்புக்காரனோ நள்ளிரவிலேயே காசு கேட்கிறான். இடைப்பட்ட மாதங்களை வட்டிக்கு வாங்கிய கடன் நிரப்புகிறது. உதவித் தொகை வந்து சேரும்போது அது வட்டிக்குப் போய்விடுவதும் உண்டு.

மகாராஷ்டிரத்தில் தலைப்பிரசவத்திற்குப் பெண் "மாஹேர்" எனப்படும் தாய்வீட்டுக்குச் செல்வது, நம் நாட்டு வழக்கத்தைப் போன்றதே. ஏழாம் மாதத்து "டோஹாளே ஜேவண்" விருந்து நம் வளைகாப்புக்கு உறவு. பேற்றுக்குப் பின் தரும் பிசின் லட்டு நம் பிரசவ லேகியத்திற்கு உறவு. இவ்வழக்கத்தால் பெண்ணுக்கு ஓய்வும் பரிவும் கிட்டுகின்றன. ஆனால் பெயர் பதிவாகியிருப்பது கணவன் ஊரில். பிரசவம் நிகழ்வது வேறு தாலுகாவில், சில வேளை வேறு மாவட்டத்தில். தாய்வீட்டு ஊரின் ஆஷா பணியாளருக்கு இப்பெண்ணின் இரத்த அழுத்தம் பற்றித் தெரியாது. கணவன் ஊர்ப் பணியாளருக்கு அவள் புறப்பட்ட நாள் தெரியாது. கரும்பு வெட்டுக்காகப் பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து புனே மாவட்டக் கரும்பு வயல்களுக்குக் குடும்பத்தோடு வந்து, வயலோரக் குடிசைகளில் மாதக்கணக்கில் தங்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் கையில் தாய் சேய் பாதுகாப்பு அட்டை இருந்தால் எந்த ஊர் நிலையத்திலும் அதைக் காட்டலாம். அதைப் பெட்டியில் வைத்து ஊரிலேயே பூட்டி வராதிருக்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன் சொல்ல ஒருவர் வேண்டும்.

விருந்துச் செலவையும் பிரசவச் செலவில் சேர்ப்பதா என்று கணக்கெடுக்கும் ஊழியர்கள் கேட்பதுண்டு. தனியே குறிப்பதே நலம். சேர்த்தால் மருத்துவச் செலவு ஊதிப் பெருகித் தோன்றும். விட்டுவிட்டால், விருந்துக்குப் பட்ட கடனால்தான் மருத்துவத்துக்குக் கடன் கிடைக்கவில்லை என்பது மறைந்துபோகும்.

உடல் கொடுக்கும் விலை

இதுவரை கூறியது ரூபாய்க் கணக்கு. பெண்ணின் உடலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 12 கிலோ எடை கூடும் ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறக்குறைய 77,000 கலோரி கூடுதலாகத் தேவை என்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழுவின் அறிக்கை 2004-இல் கணித்தது. இந்தியப் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் நாளொன்றுக்கு 350 கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை.

உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்பதைப் புனேயின் கே.ஈ.எம். மருத்துவமனை ஆய்வாளர்கள், சி. எஸ். யாக்னிக் முதலியோர், 1990-களில் மாவட்டத்தின் ஆறு கிராமங்களில் ஆராய்ந்தனர். புனே தாய்மை ஊட்ட ஆய்வு என்று உலகறிந்த ஆய்வு இது. கர்ப்பத்தின் 18-ஆம் வாரத்தில் அப்பெண்கள் உண்டது நாளொன்றுக்குச் சராசரி 1,770 கலோரி அளவே. தேவை ஏறும் 28-ஆம் வாரத்திலோ அது ஏறவில்லை. 1,670 அளவுக்கு இறங்கியது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2,665 கிராம். கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறப்பில் பெரியனவாக இருந்தன. வயல் வேலையும், நீர் சுமத்தலும், வீட்டுப்பாடும் மிகுந்த தாய்மாரின் குழந்தைகள் சிறியனவாக இருந்தன. ஆகவே கிணறு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் பிரசவச் செலவில் ஓர் இனமே. 2019-21-இல் மகாராஷ்டிரக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 45.7 பேர் சோகை உடையவர்களாக இருந்தனர். சோகையுற்ற உடல் இழக்கக்கூடிய இரத்தம் குறைவு. அவளுக்கு அந்த இரண்டு மணி நேரம்கூட இல்லை.

வடு என்னும் ஊர்

மேற்சொன்ன கே.ஈ.எம். மருத்துவமனை ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலையில் நிற்கிறது. அச்சாலையின் பெயர் இங்கு வந்து வாழும் தமிழரைத் திரும்பிப் பார்க்கச் செய்யும். 1940-களில் டாக்டர் பானு கோயாஜி அங்குப் பணியில் சேர்ந்தபோது அது 40 படுக்கைகள் கொண்ட மகப்பேறு மருத்துவமனை. காலம் கடந்து, உடல் தளர்ந்து நகருக்கு வந்து சேரும் கிராமப் பெண்களைப் பார்த்த அவர், மருத்துவமனை ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1970-களில் ஷிரூர் தாலுகாவில், புனேயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வடு புத்ருக் என்னும் ஊரில் பணி தொடங்கிற்று. அந்தந்த ஊர் மக்களையே தேர்ந்து சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றினார்கள். 1993-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது, 2004-இல் காலமானார். 2002 முதல் வடுவைச் சுற்றியுள்ள 22 கிராமங்களில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி யாவும் தொடர்ந்து பதிவாகி வருகின்றன.

உதவி அருகில் இருந்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மறுகோடியிலிருந்து ஓர் எண்ணிக்கை உண்டு. கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும், பயிற்சி பெற்ற கிராமப் பெண்களைக் கொண்டு பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பேணும் முறையைச் சோதித்தனர். 1999-இல் வெளியான முடிவின்படி, குழந்தை ஒன்றுக்கு ஆன செலவு 5.3 அமெரிக்க டாலர். பதினெட்டுக் குழந்தைகளைப் பேணியதில் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது.

2018-20-ஆம் ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 33 தாய்மார் இறந்தனர். நாடு முழுவதும் அவ்வெண் 97. மாநிலத்தின் எண் குறைவே. ஆனால் மருத்துவமனைக்கு வராமலே இறப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை மாநிலச் சராசரி காட்டாது. அதை அவ்வூர் ஊழியரே அறிவார்.

களப்பணியாளர் ஏழாம் மாதத்துப் பார்வையின்போது கேட்க வேண்டியவை சில உண்டு. பிரசவம் எந்த ஊரில்? இரவில் வண்டி யாருடையது, அவர் எண் என்ன? 108-ஐ அழைக்க வீட்டில் எவருடைய கைபேசியில் சமிக்ஞை கிடைக்கும்? வங்கிக் கணக்கு அவள் பெயரில் உள்ளதா, கணவன் பெயரிலா? இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பார்? எந்த மருத்துவமனையில் எது இலவசம் என்பது மாமியாருக்குத் தெரியுமா? இவ்விறுதி வினாவை மாமியாரிடமே நேரில் கேட்பது நலம். ஏனெனில் நள்ளிரவில் "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லப் போகிறவரும், "இப்போதே கிளம்புங்கள்" என்று சொல்லப் போகிறவரும் அவரே. விடைகளைத் தாய் சேய் அட்டையோடு ஒரு தாளில் எழுதி இணைத்துவிட்டால், பெண் தாய்வீட்டுக்குப் போகும்போது அவையும் உடன் போகும்.